வெனிலா எப்படி விளைகிறது, எங்கிருந்து மணக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெனிலா கொடி வளர்க்கிறேன் என்று சொன்னாலே போதும், கேள்விகள் வந்து விழ ஆரம்பித்துவிடும். மரமா செடியா, பூவிலிருந்தா எசென்ஸ் எடுக்கிறார்கள், அவ்வளவு விலை விற்கிறதாமே நாமும் நாலு கொடி போடலாமா என்று. பல பேருக்குத் தனித்தனியாக எழுதிய பதில்களைச் சேர்த்து, விட்டுப்போனதையும் நிரப்பி இங்கே போட்டிருக்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே உள்ள பாதிப் பதில்கள் அங்கேதான் வந்து நிற்கும்: கொடியில் தொங்கும் வெனிலா காயைப் பறித்து முகர்ந்து பார்த்தால் வெனிலா வாசனை வராது. பச்சைப் பீன்ஸை ஒடித்தால் என்ன வருமோ அதுதான் வரும். மணத்துக்கான சரக்கு கொடியில் இருக்கிறது, அதை மணமாக மாற்றுவது மாதக்கணக்கில் நடக்கும் கைவேலை.

வெனிலா மரமா, செடியா, கொடியா?

கொடி. ஆர்க்கிட் குடும்பம். அழகுக்காக வளர்க்கும் ஆர்க்கிட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், சாப்பாட்டுக்காகப் பெரிய அளவில் பயிர் செய்யப்படும் ஆர்க்கிட் என்றால் இதுதான். தண்டு விரல் கனத்தில் பச்சையாக, சதைப்பற்றோடு இருக்கும். இலையும் அப்படித்தான், தடித்து வழவழவென்று. ஒவ்வொரு கணுவிலும் இலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேர் கிளம்பி மரப்பட்டையைக் கவ்விக்கொள்ளும். காட்டில் விட்டால் மர உச்சிவரை ஏறிவிடும்.

தண்டை வெட்டும்போது வடிகிற சாறு தோலில் பட்டால் சிலருக்கு நன்றாக அரித்துத் தடித்துவிடும். சாற்றில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் காரணம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை வகை இருக்கிறது?

இனங்கள் நூற்றுக்கும் மேல். ஆனால் உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி 'வெனிலா பிளானிஃபோலியா' என்ற ஒரே இனம். அடுத்தது தாஹிதி வெனிலா. அதன் காய் கொஞ்சம் குண்டாக இருக்கும், மணத்தில் பூ வாசனை தூக்கலாக இருக்கும். இது தனி இனமாகப் பிறந்ததல்ல, பிளானிஃபோலியாவும் ஒடொராட்டா என்ற இன்னொரு இனமும் கலந்து வந்தது என்று 2008இல் மரபணு ஆய்வில் தெரிந்தது. மூன்றாவதாக பொம்போனா என்று ஒன்று உண்டு, அது அதிகம் புழங்குவதில்லை.

இதன் சொந்த ஊர் எது?

மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். மெக்சிகோவின் கிழக்குக் கரையில், இன்றைய வெராகுரூஸ் மாநிலத்தில் பாபாந்த்லா என்ற ஊரைச் சுற்றி வாழும் தொதொனாக் மக்கள்தான் இந்தக் காயைப் பழக்கி எடுத்தவர்கள் என்று சொல்வார்கள். அவர்களை அடக்கிய அஸ்டெக் அரசு இதைத் திறையாக வாங்கி, கோகோ பானத்தில் போட்டுக் குடித்தது. பிறகு ஸ்பானியர்கள் வந்தார்கள், கோகோவோடு வெனிலாவும் கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போனது. பெயரும் அவர்கள் வைத்ததுதான். ஸ்பானிய மொழியில் 'வைனா' என்றால் வாள் போன்றவற்றின் உறை, 'வைனில்லா' என்றால் சின்ன உறை. காயைப் பார்த்தால் பெயர் சரிதான் என்று தோன்றும்.

மெக்சிகோவில் காய்த்த கொடி வேறு நாடுகளில் ஏன் காய்க்கவில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஐரோப்பியர்கள் கொடியை எடுத்துப்போய்க் கண்ணாடிக் கூடங்களிலும், வெப்பமான தீவுகளிலும் நட்டார்கள். கொடி நன்றாகப் படர்ந்தது, பூவும் வந்தது. காய் மட்டும் வரவில்லை. ஸ்பானியர்கள் வெனிலாவைப் பார்த்து ஏறத்தாழ 300 வருஷம் உலகத்துக்கு வெனிலா கொடுத்தது மெக்சிகோவும் அக்கம்பக்கமும்தான்.

காரணம் பூவுக்குள் இருக்கிறது. வெனிலா பூவில் ஆண் பாகம், பெண் பாகம் இரண்டும் ஒரே தண்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, சில மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும். நடுவில் ஒரு மெல்லிய மடல், நாக்கு மாதிரி, திரையாகத் தொங்கும். அதனால் மகரந்தம் தானாகப் பெண் பாகமான சூல்முடியில் விழாது. பிறந்த மண்ணில் இந்தத் திரையைத் தாண்டும் வேலையைச் சில காட்டுத் தேனீக்கள் பார்த்துக்கொண்டன. கொடி கப்பலேறியபோது தேனீ கூட வரவில்லை.

1836இல் பெல்ஜியத்தில் லியேஜ் நகரத் தாவரவியலாளர் சார்ல் மோரன் கையாலேயே மகரந்தம் சேர்த்துக் காய் எடுத்துக் காட்டினார். ஆனால் தோட்டத்தில் தினமும் ஆயிரக்கணக்கான பூவுக்குச் செய்யும்படியான முறையைக் கண்டுபிடித்தது எட்மோண்ட் என்ற 12 வயதுச் சிறுவன். 1841, இந்தியப் பெருங்கடலில் இன்று ரேயூனியன் என்று அழைக்கப்படும் தீவு. அவன் அங்கே ஒரு தோட்ட முதலாளியிடம் அடிமை. பள்ளிக்கூடம் போனதில்லை. ஒரு குச்சியால் அந்த மடலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்த்தான். அவ்வளவுதான். இன்றைக்கும் உலகம் முழுக்க அதே முறைதான். 1848இல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழித்தபோது விடுதலையாகி, அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் பெற்றான். கண்டுபிடிப்பு தன்னுடையது என்று ஒரு பெரிய தாவரவியலாளர் உரிமை கொண்டாடினார், எட்மோண்டின் பழைய முதலாளியே அதை மறுத்து எழுதினார். அந்தத் தீவே வெனிலாவால் செழித்தது. எட்மோண்ட் அல்பியஸ் 1880இல் வறுமையில் இறந்தார். வெனிலா பற்றி யார் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

சரி, கையால் மகரந்தம் சேர்ப்பது எப்படி?

பூ ஒரே ஒரு நாள்தான் திறந்திருக்கும். அதுவும் விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் வாட ஆரம்பித்துவிடும். ஆகவே காலை வேலை இது. பூக்கும் பருவத்தில் ஒரு நாள் கூடத் தோட்டத்தை விட்டு நகர முடியாது.

ஒரு கூரான மூங்கில் குச்சி, அல்லது பல்குத்தும் குச்சி போதும். பூவை இடது கையில், அடியில் விரல் கொடுத்துப் பிடியுங்கள். நடுவில் குழல் மாதிரிச் சுருண்டிருக்கும் இதழை ஒரு பக்கம் குச்சியால் கீறினால் உள்ளே வெள்ளையாக ஒரு தூண் தெரியும். தூணின் நுனியில் மஞ்சளாக மாவு உருண்டை போல் இருப்பது மகரந்தம், அதற்குக் கீழே தொங்குவது நான் சொன்ன மடல், மடலுக்கு அடியில் பிசுபிசுப்பாக இருப்பது சூல்முடி. குச்சி நுனியால் மடலை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் மகரந்தத்தை மெதுவாகக் கீழே அழுத்துங்கள். ஒட்டிக்கொள்ளும். குச்சியை உருவிவிடுங்கள்.

இதைப் படிக்கும் நேரத்தில் பழகிய கை நாலைந்து பூவை முடித்திருக்கும். தேர்ந்தவர்கள் ஒரு காலையில் 1,000 முதல் 1,500 பூவரை சேர்ப்பார்கள். எனக்கு முதல் பத்துப் பூவுக்கு அரை மணி நேரம் ஆனது, அதிலும் பாதி மறுநாளே உதிர்ந்தது. பழக்கம்தான்.

சேர்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

ஒன்றிரண்டு நாளில் தெரிந்துவிடும். சேராத பூ கழன்று விழும். சேர்ந்த பூ வாடினாலும் நுனியிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பூவின் காம்பு என்று நாம் நினைப்பதுதான் காய். அது கிடுகிடுவென்று நீண்டு, ஒன்றரை இரண்டு மாதத்தில் முழு நீளத்தை எட்டிவிடும். அதைப் பார்த்துவிட்டுப் பறிக்கலாமா என்று கேட்காதீர்கள், முதிர்வதற்கு மொத்தம் 8 முதல் 9 மாதம் ஆகும்.

எல்லாப் பூவுக்கும் சேர்த்துவிடலாமா?

கூடாது. ஒரு கொத்தில் 15 முதல் 20 மொட்டு இருக்கும், தினம் ஒன்றிரண்டாக விரியும். அதில் எட்டு, பத்து பூவுக்குச் சேர்த்தால் போதும், மீதியைக் கிள்ளிவிடுங்கள். கொத்தின் கீழ்ப்பக்கம் பார்த்த பூக்களாகத் தேர்ந்தெடுத்தால் காய் நேராகத் தொங்கும், மேல்பக்கப் பூ என்றால் வளைந்து போகும். நான் முதல் வருஷம் ஆசையில் ஒரு பூவையும் விடவில்லை. காய் நிறையத்தான் வந்தது, எல்லாம் குட்டை குட்டையாக. கொடியோ அடுத்த வருஷம் ஒரு கொத்து கூட விடாமல் படுத்துவிட்டது, அதன் இலை பழையபடி தடிப்பதற்கே இரண்டு மழைக்காலம் ஆனது.

எந்த மாதிரி இடத்தில் வளரும்?

பூமத்திய ரேகைக்கு வடக்கே தெற்கே சுமார் 25 பாகை வரைக்கும் உள்ள, வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்கள். 21 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம், வருஷத்துக்கு 1,500 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை, நல்ல காற்று ஈரம். பாதி நிழல், பாதி வெயில். முழு வெயிலில் இலை வெந்து மஞ்சளாகிவிடும், முழு நிழலில் கொடி மட்டும் வளர்ந்து பூக்காது. அப்புறம் தண்ணீர் தேங்கவே கூடாது. வேர் மேலாகத்தான் ஓடும், இலை மக்கிய மண் இருந்தால் துள்ளி வளரும், ஈரம் நின்றால் அழுகும்.

விதை போட்டு வளர்க்கலாமா?

காய்க்குள் ஆயிரக்கணக்கில் விதை இருக்கிறது, ஆனால் பொடி மாதிரி. ஆர்க்கிட் விதைக்குள் சேமித்த உணவு எதுவும் இல்லாததால் இயற்கையில் ஒரு பூஞ்சையின் துணை இருந்தால்தான் முளைக்கும். அதனால் எல்லாரும் கொடித் துண்டுதான் நடுகிறார்கள்.

ஒரு மீட்டர் நீளத் துண்டு நல்லது, அதைவிடக் குட்டை என்றால் பூக்க இன்னும் தாமதமாகும். வெட்டிய துண்டை உடனே நடாமல் ஒரு வாரம் போல நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு நடவேண்டும். கீழே இரண்டு மூன்று கணுவின் இலையை எடுத்துவிட்டு, அந்தப் பகுதியை மண்மேல் படுக்கவைத்து இலைச்சருகால் மூடுங்கள். வெட்டுவாய் மண்ணுக்குள் புதையாமல் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், இல்லையென்றால் அழுகல் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும். மேல் நுனியை மரத்தோடு தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

படரவிட எந்த மரம் நல்லது?

சீக்கிரம் வளர்கிற, அடிக்கடி கவாத்து தாங்குகிற, பட்டை உரியாத மரம் எதுவானாலும் சரி. கிளைரிசிடியா, கல்யாண முருங்கை, காட்டாமணக்கு இதெல்லாம் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். கொடி நடுவதற்குச் சில மாதம் முன்பே மரத்தை நட்டு நிலைக்க விடவேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக நட்டவர்கள் கொடியை வெயிலில் வறுத்துவிட்டு வருத்தப்படுவார்கள்.

இன்னொரு வேலை, கொடியை மடித்து விடுவது. கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கவட்டை இருக்கிற மாதிரி மரத்தை வெட்டி வைத்து, கொடி அங்கே வந்ததும் திருப்பிக் கீழே தொங்கவிட வேண்டும். தரையைத் தொட்டதும் ஒரு கணுவை மண்ணில் பதித்து மறுபடி மேலே ஏற்ற வேண்டும். ஏணி வைத்து மகரந்தம் சேர்க்க முடியாது என்பது ஒரு காரணம், வளைந்து தொங்கும் பகுதியில்தான் பூ அதிகம் வரும் என்பது இன்னொன்று.

மூன்று வருஷம் ஆகியும் பூக்கவில்லை, என்ன செய்யலாம்?

மூன்றாம் வருஷம்தான் பூவே எதிர்பார்க்கலாம், ஆகவே முதலில் கொஞ்சம் பொறுங்கள். அதற்குப் பிறகும் பூக்கவில்லை என்றால் கொடி ரொம்பச் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். பூக்கும் பருவத்துக்கு முன்னால் இரண்டு மாதம் போல வறண்ட காலம் இதற்கு வேண்டும். தண்ணீரைக் குறையுங்கள், நிழல் மரத்தைக் கொஞ்சம் கழித்து வெளிச்சம் விடுங்கள், கொடியின் வளரும் நுனியைக் கிள்ளிவிடுங்கள்.

நோய் வருமா?

வரும். வேரையும் தண்டையும் அழுகவைக்கும் ஃப்யூசேரியம் என்ற பூஞ்சைதான் இதன் பெரிய எதிரி. வேர் பழுப்பாகிச் செத்துப்போகும், கொடி மேலேயிருந்து புது வேர் விட்டுப் பிழைக்கப் பார்க்கும், பிறகு மொத்தமாக வாடும். தலைமுறை தலைமுறையாகத் துண்டு நட்டே பெருக்கியதால் உலகத்தில் பல தோட்டங்களில் இருப்பது கிட்டத்தட்ட ஒரே கொடிதான். ஒன்றுக்குத் தாங்காத நோயை இன்னொன்றும் தாங்காது. வந்தபின் குணப்படுத்துவது கஷ்டம். வடிகால், நோயில்லாத துண்டு, கொடிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி, இந்த மூன்றும்தான் மருந்து.

எப்போது பறிப்பது?

காயின் கீழ்நுனி லேசாக மஞ்சள் கட்டும்போது. அதற்கு முன்னால் பறித்தால் மணத்துக்கான சரக்கே காயில் சேர்ந்திருக்காது, எப்படிப் பதப்படுத்தினாலும் சப்பென்று இருக்கும். தாண்டிவிட்டால் காய் நுனியிலிருந்து வெடிக்கும், வெடித்த காய்க்கு விலை குறைவு. ஒரே கொத்தில் கூட எல்லாம் ஒரே நாளில் முதிராது, ஆகவே தினமும் ஒரு சுற்று வந்து முதிர்ந்ததை மட்டும் எடுக்க வேண்டும்.

பச்சைக் காய்க்கு வாசனை இல்லை என்றீர்களே, பிறகு எங்கிருந்து வருகிறது?

வெனிலின் என்ற வாசனைப் பொருள் பச்சைக் காயில் சர்க்கரையோடு பிணைந்து குளுக்கோவெனிலின் என்ற வடிவத்தில் இருக்கிறது. அந்த வடிவத்துக்கு மணம் கிடையாது. பிணைப்பை அறுக்கிற நொதி ஒன்றும் அதே காயில்தான் இருக்கிறது, ஆனால் இரண்டும் தனித்தனி அறையில். செல்களை உடைத்து இரண்டையும் சந்திக்க வைத்தால்தான் வெனிலின் விடுபடும். பதப்படுத்துவது என்றால் இதுதான்: காயைக் கொல்ல வேண்டும், நொதியைக் கொல்லக்கூடாது.

அந்தப் பதப்படுத்தலை விவரமாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன், இது கொஞ்சம் நீளம்.

முதலில் வெந்நீர். 63 முதல் 65 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று நிமிடம் காய்களைக் கூடையோடு முக்கி எடுப்பார்கள். காய் இனி வளராது, பழுக்காது, செல்சுவர் உடையும். (மெக்சிகோவில் வெந்நீருக்குப் பதில் வெயிலிலோ அடுப்பறையிலோ வைப்பதும் உண்டு.) வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள். நான் முதல் தடவை கை வைத்துப் பார்த்து, கொதிக்கவில்லையே என்று நம்பி முக்கினேன். காய் கறுத்தது, சுருங்கியது, பார்க்க எல்லாம் சரியாக இருந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து முகர்ந்தால் வேகவைத்த கீரை வாசனை. நொதி முதல் நிமிடத்திலேயே செத்துப்போயிருக்கிறது.

அடுத்தது புழுக்கம். சூடு ஆறுவதற்குள் காய்களைக் கம்பளியில் சுற்றி, காற்றுப் போகாத பெட்டியில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். உள்ளே காய் வியர்க்கும். பச்சை போய்ச் சாக்லேட் நிறம் வரும். பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற அந்த ஈரச்சூட்டில்தான் வெனிலா வாசனை முதன்முதலாக எட்டிப் பார்க்கும். இன்னும் முழுசாக இல்லை, வெல்லப்பாகும் ஈரத்தோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை, ஆனால் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும்.

பிறகு ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குத் தினமும் சில மணி நேரம் வெயில். கம்பளி விரித்துக் காய்களைப் பரப்பி, தொட்டால் சுடும் அளவுக்குக் காய்ந்ததும் அதே கம்பளியில் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து, ராத்திரி முழுக்கப் புழுங்க விடுவது. மறுநாள் மறுபடி. காய் மெல்ல மெல்லத் துவண்டு, எண்ணெய்ப் பளபளப்போடு விரலில் சுற்றினால் சுற்றிக்கொள்ளும் பதத்துக்கு வரும்.

அதன் பிறகு காற்றோட்டமான நிழலில், தட்டுகளில் பரப்பி இரண்டு மூன்று மாதம் உலர்த்தல். சும்மா விட்டுவிட முடியாது, ஒவ்வொரு காயாகக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, காய்ந்ததைத் தனியாக, ஈரமாக இருப்பதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். விரலால் நீவி நேராக்குவதும் அப்போதுதான். ஒரு காய்க்குப் பூஞ்சணம் பிடித்தாலும் பக்கத்தில் இருப்பதற்கு ஒட்டும்.

கடைசியாக, நீளவாரியாகக் கட்டுக்கட்டி, மெழுகுத்தாள் விரித்த பெட்டியில் அடைத்து இன்னும் இரண்டு மூன்று மாதம். இந்த ஓய்வில்தான் மணம் கூர்மை போய் உருண்டு வரும். ஐந்து ஆறு கிலோ பச்சைக் காய் உள்ளே போனால் ஒரு கிலோ வெனிலா வெளியே வரும்.

பூவிலிருந்து பெட்டி வரைக்கும் கணக்குப் பார்த்தால் ஒரு காய்க்கு ஒன்றேகால், ஒன்றரை வருஷம்.

நல்ல காயை எப்படிப் பார்த்து வாங்குவது?

மூக்கை நம்புங்கள், அப்புறம் விரலை. கறுத்து, எண்ணெய்ப் பசையோடு, வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். சுள்ளி மாதிரி ஒடிந்தால் காய்ந்துபோன சரக்கு. அழுத்தினால் தண்ணீர் விடுவது போல் இருந்தால் சரியாக உலர்த்தாதது, சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். நீளம் அதிகமானால் விலை அதிகம், ஆனால் நீளத்துக்கும் மணத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எசென்ஸ் போடத்தான் என்றால் குட்டையானது, வெடித்தது எல்லாம் தாராளமாக வாங்கலாம்.

காய் மேல் வெள்ளையாக ஏதோ இருக்கிறது, பூஞ்சணமா?

வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஊசி ஊசியாக மின்னினால் அது வெனிலின் தானே வெளியே வந்து படிகமானது, நல்ல சரக்குக்கு அடையாளம். மின்னாமல் பஞ்சு மாதிரி, சாம்பலோ பச்சையோ கலந்து, மக்கல் வாசனை வந்தால் பூஞ்சணம். தூக்கிப் போட்டுவிடுங்கள், துடைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

ஏன் இவ்வளவு விலை?

மேலே படித்ததெல்லாம் ஒரு காரணம். குங்குமப்பூவுக்கு அடுத்து இதுதான் உலகத்தில் விலை உயர்ந்த வாசனைப் பொருள்.

இன்னொரு காரணம், உலக வெனிலாவில் பெரும்பங்கு மடகாஸ்கர் என்ற ஒரே நாட்டிலிருந்து, அதிலும் சாவா என்ற வடகிழக்குப் பகுதியிலிருந்து வருகிறது. அது புயல் பாதை. 2000இல் ஹூடா புயல் அடித்துத் தோட்டங்கள் போன பிறகு விலை ஏறி, 2003இல் கிலோ 500 டாலர் பக்கம் போனது. உலகெங்கும் எல்லாரும் வெனிலா நட்டார்கள், வாங்குகிறவர்கள் செயற்கைக்கு மாறினார்கள், ஒன்றிரண்டு வருஷத்தில் 50 டாலருக்கும் கீழே விழுந்தது. வெறுத்துப்போய்ப் பலர் கொடியைப் பிடுங்கிப் போட்டார்கள். 2017இல் எனாவோ புயல், 2018இல் கிலோ 600 டாலர், எடைக்கு எடை வெள்ளியைவிட அதிகம். பிறகு மறுபடியும் சரிவு. விலை உச்சியில் இருக்கும்போது நடுகிறவர் காய் பறிக்கும்போது விலை எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாலு கொடி போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆசைக்குப் போடுங்கள், கடன் வாங்கிப் போடாதீர்கள்.

விலை ஏறும்போதெல்லாம் திருட்டும் ஏறும். மடகாஸ்கர் விவசாயிகள் பச்சைக் காயிலேயே ஊசிமுனைகளால் தங்கள் அடையாளத்தைக் குத்தி வைக்கிறார்கள், பதப்படுத்திய பிறகும் அந்தப் புள்ளி மறையாது. ராத்திரியெல்லாம் தோட்டத்தில் காவல் படுக்கிறார்கள். பயத்தில் முதிராமலே பறித்துவிடுகிறவர்களும் உண்டு, அதனால் தரமும் போகிறது. ஒன்றரை வருஷ உழைப்பு ஒரு ராத்திரியில் போய்விடும் என்ற பயத்தோடு தூங்குவது எப்படி இருக்கும் என்று யோசித்தால் எனக்கு நெஞ்சு கனக்கும்.

போர்பன் வெனிலா என்றால் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி கலந்ததா?

இல்லை. ரேயூனியன் தீவின் பழைய பெயர் போர்பன். அந்தத் தீவு, மடகாஸ்கர், கொமொரோ தீவுகள் பக்கத்திலிருந்து வரும் வெனிலாவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

கடையில் விற்கும் சாதா வெனிலா எசென்ஸில் வெனிலா இருக்கிறதா?

பெரும்பாலும் கிடையாது. உலகத்தில் வெனிலா சுவைக்காகப் பயன்படுவதில் கொடியிலிருந்து வருவது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. வெனிலினைக் காயிலிருந்து முதலில் தனியே பிரித்தது 1858இல் கோப்லே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1874இல் ஜெர்மானியர்களான டீமனும் ஹார்மனும் ஊசியிலை மரத்தில் இருக்கும் ஒரு பொருளிலிருந்து அதைச் செய்து காட்டினார்கள். பிறகு காகித ஆலைக் கழிவிலிருந்து எடுத்தார்கள், இப்போது பெரும்பாலும் பெட்ரோலிய வழிப் பொருளிலிருந்து. நீர்நாய் போன்ற பீவரின் சுரப்பியிலிருந்து எடுக்கிறார்கள் என்று அடிக்கடி சுற்றும் செய்தியை நம்பி மிரள வேண்டாம், அந்தப் பொருள் வெனிலாவுக்காக வாங்க முடியாத அளவுக்கு அபூர்வம்.

செயற்கை வெனிலின் விஷமில்லை, மூலக்கூறு அதேதான். ஆனால் நிஜக் காயில் வெனிலினோடு 200க்கும் மேற்பட்ட வாசனைப் பொருட்கள் சேர்ந்திருக்கின்றன. அடுப்பில் நன்றாக வெந்து வரும் பிஸ்கட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஐஸ்கிரீம், கஸ்டர்ட் மாதிரிப் பாலும் குளிர்ச்சியுமாக இருப்பதில் உடனே தெரியும். காசை அங்கே செலவு பண்ணுங்கள்.

ஐஸ்கிரீமில் கறுப்புப் புள்ளி இருந்தால் நிஜ வெனிலா தானே?

விதை நிஜம்தான். ஆனால் எசென்ஸ் எடுத்து முடித்த சக்கையின் விதையை அழகுக்காகச் சேர்ப்பதும் உண்டு, அதில் மணம் இருக்காது. புள்ளியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எசென்ஸ் நானே போடலாமா?

தாராளமாக. அமெரிக்க விதிப்படி நிஜ எசென்ஸ் என்றால் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் காய், குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால். அதே அளவை வைத்துக்கொள்ளுங்கள். காயை நீளவாக்கில் கீறி, 40 சதவீத வோட்கா மாதிரி வாசனையில்லாத மதுவில் முழுசாக மூழ்கும்படி போட்டு, இருட்டில் குறைந்தது இரண்டு மாதம், ஆறு மாதம் என்றால் இன்னும் நல்லது. மது வேண்டாம் என்றால் கீறிய காயைச் சர்க்கரை டப்பாவில் புதைத்து வையுங்கள், இரண்டு வாரத்தில் சர்க்கரை மணக்கும். விதையைச் சுரண்டி எடுத்த பிறகு வெறும் தோலை எறிந்துவிடாதீர்கள், அதிலும் நிறைய மணம் இருக்கிறது.

காயைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா?

வேண்டாம், இறுகிப்போகும், பூஞ்சணமும் பிடிக்கலாம். காற்றுப்புகாத கண்ணாடிக் குழலில், இருட்டான அலமாரியில் வையுங்கள். மாதம் ஒரு முறை திறந்து காற்றுக் காட்டுங்கள்.

தொட்டியில் வளருமா?

வளரும். ஆனால் பூக்க வேண்டுமானால் கொடி பல மீட்டர் நீள வேண்டும், அதற்கு இடமும் ஈரக் காற்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலும் இலைக்காகவே வைக்கலாம், அழகான கொடி.

இப்போதுதான் நட்டிருக்கிறேன், அடுத்து என்ன செய்வது?

முதல் மூன்று நாலு வாரம் துளிர் தெரியாது, தோண்டிப் பார்க்காதீர்கள். சருகு மூடாக்கு குறையும்போதெல்லாம் மேலே போடுங்கள், ஆனால் தண்டை நெருக்கி அடைக்க வேண்டாம். வெயில் காலத்தில் வாரம் இரண்டு தடவை லேசாகத் தெளித்தால் போதும். மண்வெட்டி பக்கத்தில் வரக்கூடாது, களையைக் கையாலேயே பிடுங்குங்கள், வேர் சருகுக்கு அடியில்தான் ஓடிக்கொண்டிருக்கும். கொடி தலைக்கு மேலே போனதும் திருப்பி விடுங்கள். இலைக் கக்கத்தில் குட்டியாக, கூம்பாக ஒரு மொட்டுக்கொத்து தெரிகிற அன்றைக்கு ஒரு மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி வைத்துக்கொள்ளுங்கள், முதல் பூ விரிய இன்னும் சில வாரம்தான் இருக்கும்.